தொழிலுக்கு ஒரு மடிக்கணினி: வாங்குமுன் பார்க்கவேண்டியவை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை எமது கமக்காரர் பல்லை மட்டும் பார்த்து விடுவதில்லை. நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், கலப்பையில் பூட்டிப் பார்ப்பார்கள், யாருடைய பட்டியில் நின்ற மாடு என்று விசாரிப்பார்கள். கடைக் கண்ணாடிக்குள் மினுங்கும் மடிக்கணினிக்கு மட்டும் இந்த விழிப்பு இல்லாமற் போய்விடுகிறது. "எங்களுக்கு இதைப்பற்றி என்ன தெரியும்" என்று கூச்சப்பட்டு, விற்பவர் சொன்னதைக் கேட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இன்று நிலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. மிளகாய்த்தூள் அரைத்துப் பொதியிட்டு விற்கின்றன. கச்சான், உழுந்து, பயறு ஆகியவற்றைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகின்றன. பால் சேகரிக்கின்றன. தையல் நடத்துகின்றன. இத்தொழில்கள் சற்று வளர்ந்ததும் பற்றுச்சீட்டு, விலைமனு, சுட்டுத்துண்டு, கணக்கு, மின்னஞ்சல் என்று வேலைகள் கூடுகின்றன. அப்போது மடிக்கணினி வாங்கும் எண்ணம் வருகிறது. கையிலுள்ள சேமிப்பு முழுவதும் அதிலே போகுமாதலால், தவறாக வாங்கினால் ஒரு போகத்து உழைப்பே வீணாகும். எனவே இதனை ஒரு பாடமாகப் படிப்போம்.

1. முதலில் வேலை, பிறகு கருவி

அரை ஏக்கர் தோட்டத்துக்கு நான்கு சக்கர உழவு இயந்திரம் வாங்குவார் இல்லை. ஆகவே, மடிக்கணினியால் உங்களுக்கு ஆகவேண்டிய வேலைகள் எவை என்பதை முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலையும் மாதத்தில் எத்தனை தடவை வரும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

மாதத்தில் இரண்டு கடிதமும் ஒரு விலைமனுவும் மட்டுந்தான் என்றால், பக்கத்துத் தொடர்பகத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்விப்பதே இலாபம். படம் அனுப்புவதற்கும் வாடிக்கையாளருடன் பேசுவதற்கும் கைத்தொலைபேசி போதும். நாளாந்தம் கணக்குப் பதிவதும், வாரந்தோறும் சுட்டுத்துண்டு அச்சிடுவதும், பலருக்குப் பற்றுச்சீட்டு எழுதுவதும் இருந்தால் மடிக்கணினிக்கு இடமுண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொப்பியில் கணக்கு எழுதாதவர் கணினி வாங்கியதும் எழுதத் தொடங்கிவிடுவார் என்பது நடவாத காரியம். மூன்று மாதம் வரவு செலவைக் கொப்பியில் ஒழுங்காக எழுதிப் பாருங்கள். அந்தப் பழக்கம் வந்த பின்னரே கணினி உங்களுக்கு உதவும்.

2. உண்மையான விலை எவ்வளவு?

மடிக்கணினி பெரும்பாலும் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. டொலரோடு இப்பொருளின் விலையும் ஏறி இறங்கும். ஆகையால் இங்கு தரும் தொகைகளை விலைப்பட்டியலாகக் கொள்ளாமல் கணக்குப் பழகுவதற்கான உதாரணமாகவே கொள்ளவும்.

ஒரு மடிக்கணினி 90,000 ரூபா என்றும், மூன்று வருடம் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 36 மாதத்தால் பிரித்தால் மாதம் 2,500 ரூபா. அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு பற்றரியும் சில்லறைத் திருத்தங்களுமாக 18,000 ரூபா வரும் என்றால் அது மாதம் 500 ரூபா. ஆக மொத்தம் மாதம் 3,000 ரூபா. இக்கருவியினால் மாதம் 3,000 ரூபாவுக்கு மேல் மிச்சப்படுமா, அல்லது அதிகமாக உழைக்க முடியுமா? இதுவே உங்கள் முதற் கேள்வி.

இதையே தவணைக்கு வாங்கினால் என்ன நடக்கும்? "வட்டி வருடத்துக்கு 24 வீதந்தான்" என்பார்கள். முழுத்தொகைக்கும் இரண்டு வருடத்துக்கு அந்த வட்டியைப் போட்டால் வட்டி மட்டும் 43,200 ரூபா. கட்டவேண்டியது 133,200 ரூபா. மாதம் 5,550 ரூபா. மாதந்தோறும் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகிறோம். ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை 90,000 ரூபாவுக்கே அறவிடப்படுகிறது. மீதிக்கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இது உண்மையில் வருடம் ஏறத்தாழ 41 வீதமாகும். ஆகவே தவணைக் கடிதத்தில் ஒப்பமிடுமுன், "வட்டி முழுத்தொகைக்கா, குறைந்துவரும் மீதிக்கா?" என்று கேளுங்கள்.

நுண்கடன் எமது கிராமங்களில், விசேடமாகப் பெண்களை, எந்நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை நாம் அறிவோம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அப்படியொரு கடனை ஒரு கணினிக்காகப் புதிதாகத் தலையில் ஏற்றவேண்டாம். சீட்டுப் பிடித்தோ, ஒரு போகத்து விளைச்சலில் சிறிது சிறிதாக ஒதுக்கியோ வாங்குவது நல்லது. நாலைந்து குடும்பங்கள் அல்லது ஒரு மாதர் சங்கம் சேர்ந்து ஒன்றை வாங்கி, நாள் வகுத்துப் பாவிப்பது அதனிலும் நல்லது.

3. உள்ளே இருப்பவை

விற்பவர் சொல்லும் பெயர்கள் எமக்கு அந்நியமாக இருக்கலாம். பொருள் அந்நியமல்ல.

செயலி என்பது உழவு இயந்திரத்தின் எஞ்சின் போன்றது. "ஐ5, ஐ7" என்ற பெயரை மட்டும் கேட்டு மயங்கவேண்டாம். அது எஞ்சினின் தரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. இன்ரெல் செயலியின் வயதை அதற்குப் பின்வரும் இலக்கமே சொல்லும். ஐ5-8250யூ என்றால் 8 ஆம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் 10 ஆம் தலைமுறை. பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழைய ஐ7 ஐ விடப் பிந்திய ஐ3 நன்றாக ஓடுவதுண்டு.

றாம் என்பது சூடடிக்கும் களம். களம் சிறிதானால் கதிரைப் பகுதி பகுதியாகப் போட்டுத்தான் அடிக்கலாம், வேலை இழுபடும். இன்றைய வேலைகளுக்கு 4 ஜீபி போதாது. 8 ஜீபி வேண்டும். பின்னர் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சில மடிக்கணினிகளில் றாம் பலகையோடு ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது.

சேமிப்பகம் என்பது நெற்களஞ்சியம். இதில் இரண்டு வகை. பழைய ஹாட் டிஸ்க்கினுள் தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கும்; குன்றும் குழியுமான றோட்டில் பஸ்ஸில் ஆடி அடிபட்டால் அது பழுதாகலாம். எஸ்எஸ்டி எனப்படும் மற்றதில் அசையும் பாகம் எதுவுமில்லை; வேகமும் பல மடங்கு. 256 ஜீபி எஸ்எஸ்டி எமது வேலைக்குத் தாராளம். மற்றவை நன்றாக இருந்து ஹாட் டிஸ்க் மட்டும் பழையதென்றால், அதை எஸ்எஸ்டியாக மாற்றித்தரச் சொல்லி விலை பேசலாம்.

4. புதிதா, பாவித்ததா?

குறைந்த விலையில் புதிதாக வரும் மடிக்கணினிகள் சிலவற்றில் வலுக்குறைந்த செலரோன் செயலியும், 4 ஜீபி றாமும், 64 ஜீபி சேமிப்பகமும் இருக்கும். பெட்டி புதிது, எஞ்சின் வலுவற்றது. ஒரு வருடத்திலேயே பொறுமையைச் சோதிக்கத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டுக் கம்பனிகள் தம் ஊழியருக்கு வாங்கிச் சில வருடம் பாவித்துக் கழித்த மடிக்கணினிகள் எமது நகரங்களில் விற்பனைக்கு வருகின்றன. லெனோவோவின் திங்பாட், டெல்லின் லற்றிற்றியூட், எச்பியின் எலைற்புக் ஆகியவை இவ்வகையின. இவை அலுவலக வேலைக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. விசைப்பலகை, பற்றரி போன்ற உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. நன்கு சோதித்து வாங்கினால், அதே காசுக்குக் கிடைக்கும் மலிவான புதிதை விட இவை பெரும்பாலும் மேல்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓடுவதற்கு இன்ரெல்லில் பொதுவாக 8 ஆம் தலைமுறையாவது வேண்டும். அத்தலைமுறை 2017 இல் வந்தது. அதற்கு முந்தியவற்றை "விண்டோஸ் 11 போட்டுத் தாறன்" என்று விற்பவர்களும் உண்டு. அவை பிற்பாடு சரியாக இற்றைப்படுத்தப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே 8 ஆம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம்.

5. கடையில் அரை மணித்தியாலம்

கணினி படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

(அ) முழுதாக நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஏதாவது கம்பனியின் பெயரோ, தெரியாத கடவுச்சொல்லோ கேட்டால் வாங்கவேண்டாம். அது பூட்டு நீக்கப்படாத பொருள். களவுப் பொருளாகவும் இருக்கலாம்.

(ஆ) பற்றரி அறிக்கையைக் கேளுங்கள். இவ்வசதி விண்டோசிலேயே உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் அதில் வரும். 50 இல் 40 நின்றால் நல்லது. 25 நின்றால் புதுப்பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

(இ) அடிப்பக்கம் அல்லது தொடுபலகை மேலே உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பிய பற்றரி தீப்பிடிக்கக் கூடும். மாற்றாமல் வாங்கவே கூடாது.

(ஈ) எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். திரையை வெள்ளையாக்கிக் கறையும் கோடும் பாருங்கள். கமரா, ஒலி, யூஎஸ்பி வாய்கள், வைபை யாவற்றையும் இயக்குங்கள்.

(உ) சார்ஜர் அந்தக் கணினிக்குரியதா, எழுதப்பட்ட வோல்ற்றும் வாற்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

(ஊ) பற்றுச்சீட்டில் கணினியின் தொடரிலக்கம், உத்தரவாத காலம், எவற்றுக்கு உத்தரவாதம் என்பன எழுதப்படவேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். எழுதித் தந்ததை ஒரு கடை நிறைவேற்ற மறுத்தால், நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

6. மென்பொருளும் தமிழும்

களவாகப் பதியப்பட்ட மென்பொருட்களோடு வைரசும் வரலாம். எழுத்துக்கும் கணக்குக்கும் லிப்றே ஒபிஸ் இலவசமாகவும் சட்டபூர்வமாகவும் கிடைக்கிறது. இன்னும் பழைய கணினி ஒன்று ஏற்கெனவே கைவசம் இருந்தால், லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தை இட்டு மேலும் சில வருடம் பாவிக்கலாம்.

தமிழில் தட்டச்சிடும்போது யூனிக்கோட் முறையையே பழகுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத அலுவலகக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தோன்றும். உங்கள் விண்ணப்பம் வாசிக்கப்படாமலே கிடக்க இதுவும் ஒரு காரணமாகலாம்.

7. வாங்கிய பின்

பாயிலும் மெத்தையிலும் வைத்து வேலை செய்யவேண்டாம். காற்றுப்போகும் துவாரம் அடைபட்டுச் சூடேறும். பலகை ஒன்றின் மேல் வையுங்கள். செம்மண் புழுதி படாமல் துணியால் மூடுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரதி வைத்தல். 1990 இலும் 1995 இலும் 2009 இலும் வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு, அவற்றை மீண்டும் பெறக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்கள் எத்தனை பேர்! வெள்ளம் வந்தாலும் களவு போனாலும் கணினியும் அவ்வாறே போய்விடும். ஆகவே உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கடன் பற்றுச்சீட்டு யாவற்றையும் படமெடுத்துக் கணினியில் வையுங்கள். அவற்றையும் தொழிற் கணக்கையும் கிழமைக்கொருமுறை பென்ட்ரைவ் ஒன்றில் பிரதி பண்ணுங்கள். அந்தப் பென்ட்ரைவ் உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. நம்பிக்கையான உறவினரிடம் வேறொரு கிராமத்தில் இருக்கட்டும். இயலுமானால் கடவுச்சொல்லால் பூட்டி வையுங்கள். மூல ஆவணத்தின் சட்ட வலு இப்படங்களுக்கு இல்லை. ஆனால் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி தேடி எடுப்பது எவ்வளவோ இலகு.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது தொழிலில் கணினியின்றி இழுபடும் வேலைகள் எவை? அவை மாதத்தில் எத்தனை தடவை வருகின்றன?

2. மாதம் 3,000 ரூபா என்ற உதாரணக் கணக்கை எமது தொழிலுக்குப் போட்டுப் பார்ப்போம். மிச்சம் வருமா?

3. எமது சங்கம் சேர்ந்து ஒன்று வாங்குவதானால் யார் பொறுப்பு? பழுதானால் திருத்தச் செலவு யாருடையது? வாங்குமுன் இதனை எழுத்தில் வைப்போமா?

4. எமது குடும்பங்களில் எத்தனை பேரிடம் ஆவணங்களின் பிரதிகள் வேறோர் இடத்தில் உள்ளன? இல்லாதவர்களுக்கு இம்மாதமே எவ்வாறு உதவலாம்?