மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது
வீட்டிலும் வாகனத்திலும் மின்கம்பிகளைக் காக்கும் முறை

சந்திரகிரிக் கோட்டையைக் காணச் சென்றவர்கள் அங்குள்ள ராஜ மகாலின் சிறப்பை அறிந்திருப்பார்கள். விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரில் மூன்று தளங்களாக எழுந்த அம்மாளிகை, கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே கட்டப்பட்டது. அதில் மரம் பயன்படுத்தப்படவில்லை. நம் வீடுகள் அத்தகையவை அல்ல. மரக்கதவு, பிளைவுட் அலமாரி, திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றின் ஊடாகவே மின்கம்பிகள் செல்கின்றன. குடும்பத்துடன் திருமலைக்குப் புறப்படும் காரிலோ, எரிபொருளுக்கும் பஞ்சு இருக்கைகளுக்கும் நடுவே அவை ஓடுகின்றன.

சந்திரகிரியிலிருந்து சித்தூரைக் கடந்து தெற்கே சென்றால் வேலூர். 2022 மார்ச்சில் அந்நகரில், இரவில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். வீட்டு மின்சாரமும் வாகன மின்சாரமும் இன்று ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. எனவே இரண்டையும் சேர்த்தே நாம் அறிந்துகொள்வோம்.

வெப்பம் எவ்வாறு பெருகுகிறது?

ஒவ்வொரு கம்பிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கானால் பிறக்கும் வெப்பம் இருமடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. வீடுகளில் பயன்படும் சாதாரண பி.வி.சி. உறை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்கே உரியது. அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் உறை இறுகி, வெடித்து, உள்ளிருக்கும் செம்பு வெளிப்படும்.

ஆகவே கம்பிகளை ஒழுங்குபடுத்துவது என்றால் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது என்று பொருளல்ல. வெப்பம் வெளியேற இடமளிப்பதும், உறை உராயாமல் காப்பதும், பழுது நேர்ந்தால் உடனே கண்டறிய வழி வைப்பதுமே ஒழுங்கு. விரிப்பின் அடியில் ஓடும் கம்பியும், மேசைக்குப் பின்னால் இறுக்கிச் சுருட்டிய கம்பியும் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கலாம். அவை வெப்பத்தை உள்ளேயே சிறைப்படுத்துகின்றன.

வீட்டில்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று தாங்கக்கூடிய மொத்தச் சுமை 1,380 வாட் மட்டுமே. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அடுப்பு, வாட்டர் ஹீட்டர், குளிர்சாதனம் போன்றவற்றைச் சுவரில் அவற்றுக்கெனப் பொருத்திய 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டுமே இணைக்க வேண்டும். ஒரு போர்டில் மற்றொரு போர்டைச் செருகுவது அறவே கூடாது.

தொலைக்காட்சிக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கும் வயர்களை முதலில் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எது எந்தக் கருவிக்குரியது என்று சிறு சீட்டு ஒட்டுங்கள். மின்சார வயர்களை ஒரு புறமும், இணையம், டிஷ் ஆகியவற்றின் வயர்களை மறுபுறமும் தளர்வாகக் கட்டுங்கள். கேபிள் டையை உறை நசுங்குமளவு இழுக்க வேண்டாம். நெடுஞ்சுவரில் செல்லும் வயருக்கு மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் கேஸிங் பொருத்துவது நன்று. ஆணியை வளைத்து அடித்துப் பிடிப்பது தீது.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், கூடுதல் ஆம்பியர் கொண்ட ஒன்றை மாற்றிப் பொருத்துவது பலரிடம் காணப்படும் பழக்கம். எம்.சி.பி.யின் முதற்கடமை சுவருக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது. கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், காவலரை உறங்கச் செய்தது போலாகும். உடலில் மின்சாரம் பாயும் ஆபத்தைத் தடுக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டரிலும் கவனம் தேவை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் எடுத்தால், அதன் கம்பியில் 50 ஆம்பியர் ஓடும். வோல்ட் குறைவு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை என எண்ணலாகாது. தளர்ந்த ஒரு டெர்மினல் திருகே தீப்பொறிக்குப் போதுமானது.

வாகனத்தில்

காரிலும் இதே கணக்குதான். 55 வாட் முகப்பு விளக்கை எடுத்துவிட்டு 100 வாட் விளக்கைப் பொருத்தினால், அதே கம்பியில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. கூடுதல் விளக்கு, ஹாரன், ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சேர்க்க விரும்பினால், ஏற்கெனவே உள்ள கம்பியை வெட்டி ஒட்டாமல், தனிக் கம்பியும் ரிலேயும் அமைக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். எரிந்துபோன ஃப்யூஸின் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது ஆபத்தை நாமே அழைப்பதாகும்.

தகட்டின் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பே கத்தியாகிவிடும். எஞ்சின் அறையில் செல்லும் கம்பிகளுக்கு நெளிவுகள் கொண்ட பிளாஸ்டிக் குழாயை உறையாக இட்டு, சைலன்ஸர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். மலைப்பாதையில் நெடுநேரம் ஏறும்போது எஞ்சினின் வெப்பம் மிகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் திறந்து, எலி கடித்த தடம் உண்டா எனப் பாருங்கள்.

மின் ஸ்கூட்டரை அதனுடன் வழங்கப்பட்ட சார்ஜரைக் கொண்டு, நிலஇணைப்புள்ள சாக்கெட்டில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். வாசலை அடைத்தும், மாடிப்படியின் கீழும், உறங்கும் அறைக்கு அருகிலும் வேண்டாம். தீ நேர்ந்தால் தப்பும் வழி திறந்திருக்க வேண்டும்.

காப்பீட்டையும் கவனியுங்கள்

வீட்டையும் வீட்டுப் பொருள்களையும் தீ முதலிய இடர்களிலிருந்து காக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டுக்கடன் பெற்றவர்கள், கட்டடம் மட்டுமன்றிப் பொருள்களும் அதில் அடங்கியுள்ளனவா எனப் பார்த்துக்கொள்வது நலம். வாகனத்தில் பின்னர் பொருத்திய மின்கருவிகளின் மதிப்பைத் தனியே தெரிவித்து, உரிய கூடுதல் பிரீமியம் செலுத்துங்கள். மின்பணிக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மாதம் ஒருமுறை

• ப்ளக்கும் சாக்கெட்டும் சூடாக உள்ளனவா, நிறம் மாறியுள்ளனவா எனப் பாருங்கள்.
• உறை கிழிந்த வயரை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.
• ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
• கருகிய நெடி வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்தீயில் நீர் ஊற்றாதீர்கள். புகை சூழ்ந்தால் பொருள்களை மீட்க முனையாமல் அனைவரும் வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

இவற்றைப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொலைக்காட்சிக்குப் பின்புறத்திலிருந்து இப்பணியைத் தொடங்குவோம்.