பழைய புல்லட் இன்ஜின் வாங்குமுன்

முத்துப்பேட்டைப் பக்கம் வயலுக்கும் சங்கத்திற்கும் பழைய புல்லட்டில் வரும் உறுப்பினர்கள் சிலரை நாம் அறிவோம். அதன் வார்ப்பிரும்பு இன்ஜின் தயாரிப்பு நின்று பல்லாண்டு ஆயிற்று. ஆகவே உதிரி பாகம் தேடுவோர் சென்னைப் புதுப்பேட்டைக்குச் செல்கின்றனர். விலை மலிவுதான். ஆனால் 350 சி.சி. புல்லட்டின் புதுச் சிலிண்டருக்கு உள்விட்டம் 70 மி.மீ.; தேயத்தேயப் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் பொருத்தியிருப்பர். 71-ஐ எட்டியிருப்பின் மேலும் குடைய இடம் அநேகமாக இராது. அளந்து பார்த்தபின் விலை பேசுக.

இன்ஜின் எண் இதனினும் முக்கியம். உறுப்பினர் ஒருவர் எண் தேய்க்கப்பட்ட இன்ஜினை வாங்கினார். உடனிருந்த நாமும் கவனிக்கத் தவறினோம். மாற்றிய இன்ஜினைப் பதியப் போக்குவரத்து அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எண்ணில்லாததை எவர் பதிவர்? வண்டி இன்றும் கொட்டகையில் நிற்கிறது. ரசீதும், இன்ஜின் கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலும் கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்கலாகாது.