முகமூடிச் சங்கம்

கூ க்ளக்ஸ் கிளான் என்னும் இரகசிய சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பு மக்களை மிரட்டக் கிளம்பி, 1870-களில் சட்டத்தால் ஒடுங்கிற்று. 1915-ல் ஜார்ஜியாவில் மறுபடி தலைதூக்கியபோது யூதரையும் கத்தோலிக்கரையும் சேர்த்துப் பகைத்தது.

1921 ஆகஸ்டு 11-ந் தேதி, அலபாமாவின் பர்மிங்ஹாம் பட்டணத்தில், சங். ஜேம்ஸ் காயில் சுவாமியார் தம் குருமனைத் திண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். முகமூடியின்றியே சுட்டவர் ஒரு மெதடிஸ்டு போதகர், சங்கத்து அங்கத்தினர். அவருடைய மகளுக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவருக்கும் சுவாமியார் அன்றுதான் மெய்விவாகம் நடத்தி வைத்திருந்தார். அவ்வளவே குற்றம்!

ஜூரிகள் போதகரை விடுதலை செய்தனர். அவருக்காக வாதாடிய வக்கீல் ஹியூகோ பிளாக் 1923-ல் தாமும் சங்கத்தில் சேர்ந்தார். பின்பு விலகி, 1937-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கறுப்புப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாதென்று 1954-ல் தீர்ப்பளித்த ஒன்பதின்மரில், வியப்பாயிருக்கும், அவரும் ஒருவர்.