வெங்காய வழியும் சமநிலை வலையும்: ஓர் ஒப்பீடு

மடலை ஒட்டிவிட்டாலும், யார் யாருக்கு எழுதினார் என்பதை மேலுறை சொல்லிவிடும். கணினி வழிச் செய்திக்கும் இது பொருந்தும். செய்தியைப் பூட்டினாலும், புறப்படும் முகவரியும் சேரும் முகவரியும் வழியிலுள்ளோர்க்குப் புலனாகும். அவற்றைக் காக்கும் இரு முறைகளை இங்கு ஒப்பிட்டு நோக்குவோம்.

வெங்காய வழி

உரிக்க உரிக்க ஒன்றுமில்லாதது வெங்காயம் என்பர். இவ்வெங்காயத்தின் நடுவிலோ மடல் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் உருவான இம்முறை, 2002இல் ‘டோர்’ என்னும் பெயரில் செயற்பாட்டுக்கு வந்தது. செஞ்சியை அடுத்த வல்லத்திலிருந்து ஒரு மாணவர் ஓர் இணையதளத்தை நாடுவதாகக் கொள்வோம். அவர்தம் கணினி செய்திக்கு மூன்று உறைகளை இடும். மூன்று இடைக்கணினிகள் ஒவ்வோர் உறையாக உரிக்கும். முதற்கணினி மாணவரை அறியும், தளத்தை அறியாது. கடைக்கணினி தளத்தை அறியும், மாணவரை அறியாது. நடுக்கணினி இரண்டையும் அறியாது. எனினும், தளத்துடனான தொடர்பு தனியே பூட்டப்படாவிடின், கடைக்கணினியை நடத்துவோர் உள்ளடக்கத்தைப் படிக்கவியலும்.

சமநிலை வலை

2003இல் தொடங்கிய ‘ஐ-டூ-பி’ இவ்வகையினது. இங்குப் பயனர்தம் கணினிகளே இயல்பாகப் பிறர் செய்தியையும் சுமக்கும். கேள்வி ஒரு வழியிற் செல்லும். விடை வேறு வழியில் வரும். வலைக்குள் அமைந்த தளங்களுக்கென்றே உருவானதால் கடைவாயில் இடர் குறைவு. ஆனால் வெளித்தளங்களை நாட அது ஏற்றதன்று. பயனர் தொகை டோரினும் மிகச் சிறிதாதலின், ஒருவர் கலந்து மறையும் கூட்டமும் சிறிது.

இருமுறைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இருமுனைகளையும் ஒருங்கே கண்காணிப்பவர், செய்தி புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் பொருத்தி உண்மையை ஊகிக்கலாம்.

நம் நாட்டில்

தனியுரிமை அடிப்படை உரிமையே என 24-8-2017 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 மே மாதத்தில், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 14 செயலிகளை நடுவண் அரசு முடக்கியதாகச் செய்தி வெளியானது. அவற்றுள் ஒன்று ‘பிரையர்’. இணையம் உள்ளபோது டோர் வழியும், இல்லாதபோது புளூடூத் வழியும் கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி கடத்துவது அது. குற்றவாளிக்கு உதவும் திரையே செய்தியாளர்க்கும் அரணாதலே இதிலுள்ள சிக்கல்.

பிறர் குறையைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. இடைக்கணினி, திறக்கவியலாமையால் மடலைத் திறவாதிருக்கிறது. திறக்க இயன்றும் திறவாதிருப்பதே மனிதர் பேணவேண்டிய அமானிதம். அதனை நாம் பேணுவோமாக.