புளிப்பு மட்டும் காக்குமா?

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் விடுதி அறையில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். ஆயிரம் மைல் கடந்து வருவதற்காக அம்மா கட்டிக் கொடுத்த மாங்காய் ஊறுகாய். எண்ணெய் வற்றிய இடத்தில் சாம்பற் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. “மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாம், இந்தப் புளிப்பில் எந்தக் கிருமி பிழைக்கும்?” என்றான் அறை நண்பன். நுண்ணுயிரியல் படிக்கும் எனக்கே ஒரு கணம் அவ்வாசை எழுந்தது. அது சரியா என்று பார்ப்போம்.

காடித்தன்மையை அளக்கும் அளவை பி.எச். எனப்படும். 7 நடுநிலை, எண் ஒன்று குறைந்தால் காடித்தன்மை பத்து மடங்கு கூடும். 4.6-க்குக் கீழே, கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் பாக்டீரியா வளராது. அவ்வளவில் புளிப்பு நமக்கு அரணே. ஆனால் பூசணங்களுள் பல அந்த அரணை எளிதில் தாண்டிவிடும்.

1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க அறிஞர், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கறுப்புப் பூசணம் மிகுந்த புளிப்புள்ள சர்க்கரைக் கரைசலில் செழித்துச் சிட்ரிக் அமிலத்தைத் தருவதைக் காட்டினார். புளிப்புக் குறைந்தால் அதே பூசணம் ஆக்சாலிக் அமிலத்தைத் தரத் தலைப்படும். ஆக, புளிப்பு பூசணத்தின் உயிரைப் பறிப்பதைவிட அதன் தொழிலையே மாற்றுகிறது.

நஞ்சுக்கும் இது பொருந்தும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் 1960-இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகளைக் கொன்றது. நஞ்சு வந்தது நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து. 1974-இல் இராஜஸ்தான், குஜராத் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நஞ்சு காரத்தன்மையுள்ள ஊடகத்தைவிடக் காடித்தன்மையுள்ள ஊடகத்தில் மிகுதியாக உண்டாவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆப்பிளை அழுக வைக்கும் பூசணமும் புளிப்பான அப்பழத்திலேயே பாட்டுலின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது.

இன்னொன்று: சில பூசணங்கள் அமிலத்தையே உணவாக்கிப் புளிப்பைக் குறைத்துவிடும். பின்னர் பாக்டீரியாவுக்கும் வாயில் திறந்துவிடும்.

வழித்தெடுத்தால் போதாதா? நாம் காண்பது மேற்பரப்பை மட்டுமே. இழைகள் உள்ளே ஓடியிருக்கும், நஞ்சும் ஊறியிருக்கும். சமையல் சூட்டில் அஃப்ளடாக்சின் முற்றும் அழியாது. எல்லாப் பூசணமும் நஞ்சன்று. ஆனால் எது நஞ்சென்று கண்ணால் கண்டு சொல்ல இயலாது.

நண்பர்களே, ஊறுகாயைக் காப்பது புளிப்பு மட்டுமன்று. நீரைக் கட்டும் உப்பும், காற்றைத் தடுக்கும் எண்ணெயும், ஈரமில்லாத கரண்டியும் சேர்ந்தே காக்கின்றன. எங்கள் ஜாடியில் எண்ணெய் வற்றியிருந்தது. ஈரக் கரண்டி என்னுடையதுதான்.

ஊறுகாயைக் கொட்டிவிட்டேன். அம்மாவிடம், “தீர்ந்துவிட்டது” என்று மட்டும் சொன்னேன்.