பிரித்தால் பிடிபடும்

சொல் பிறந்த கதை: கேள்வி–பதில்

பிளஸ் டூ படிக்கிறேன். தினமும் இருபது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகிறது. லத்தீன், கிரேக்க வேர்களைத் தெரிந்துகொண்டால் சுலபம் என்கிறார்கள். அதற்காக அந்த இரண்டு மொழிகளையும் படிக்க வேண்டுமா, ஐயா?
– ஒரு மாணவி, பெருந்துறை

மொழிகளைப் படிக்க வேண்டியதில்லை, கண்ணு. அவற்றிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறிய சொல்துண்டுகளில் ஒரு நூறு தெரிந்தாலே போதும். துண்டுகளாகப் பிரிக்கும் வித்தையை நீ முன்பே கற்றிருக்கிறாய். தமிழ் வகுப்பில் ‘படித்தான்’ என்பதை படி + த் + த் + ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பாயே, அதே வித்தைதான். அந்தப் பகுபத இலக்கணத்தை நமக்கு ஒழுங்குபடுத்தித் தந்தது நன்னூல். அதை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் என்று சொல்லப்படும் சீனாபுரம், உங்கள் பெருந்துறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

திருப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள். லத்தீனில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்லுதல். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. வெளியே கொண்டுபோவது எக்ஸ்போர்ட், உள்ளே கொண்டுவருவது இம்போர்ட், ஓரிடத்திலிருந்து அப்பால் கொண்டுசேர்ப்பது டிரான்ஸ்போர்ட். சுமப்பவர் போர்ட்டர். சுமக்கக்கூடியது போர்ட்டபிள். செய்தியைத் திரும்பக் கொண்டுவருவது ரிப்போர்ட், கீழிருந்து தாங்குவது சப்போர்ட். ஏழு சொற்களுக்கும் பகுதி ஒன்றே.

ஒரு நோட்டுப் போடு. பக்கத்துக்கு ஒரு வேர் எழுதி, படிக்கும்போது எதிர்ப்படும் உறவுக்காரச் சொற்களை அதன் கீழே சேர்த்துக்கொண்டே வா. தனித்தனியாக மனப்பாடம் செய்த சொல் நழுவிவிடும். குடும்பத்தோடு அறிமுகமான சொல்லை அதன் உறவுச் சொற்களில் ஒன்றாவது நினைவுக்குக் கொண்டுவந்துவிடும்.

விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் தொழிலை ‘டெக்ஸ்டைல்’ என்கிறார்கள். மகளின் பாடநூலை ‘டெக்ஸ்ட் புக்’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டுங்களா?
– ஒரு வாசகர், சோமனூர்

உண்டுங்க. இரண்டும் ஒரே தறியில் இறங்கியவை. லத்தீனில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். நெய்யப்பட்ட துணி டெக்ஸ்டைல், சொற்களால் நெய்யப்பட்டது டெக்ஸ்ட். துணியைத் தொட்டுப் பார்த்து உணரும் தன்மை டெக்ஸ்சர். முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்து நெய்தால் கான்டெக்ஸ்ட், சூழமைவு என்கிறோம்.

ரோமானியர் நெசவில் கண்டதை நம்மவர்கள் நூற்பில் கண்டார்கள். தமிழில் ‘நூல்’ என்பது இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். நன்னூலின் பாயிரம் இதை அழகாக விரிக்கிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு கதிர். உங்கள் வேலையும் உங்கள் மகளின் படிப்பும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்று இரண்டு மொழிகள் சாட்சி சொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் 1888-இல் தொடங்கிய முதல் நூற்பாலையின் பெயரில் ‘ஸ்பின்னிங்’, ‘வீவிங்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். ‘காட்டன்’ அரபியிலிருந்து வந்தது. லத்தீன் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது.

நர்சிங் படிக்கிறேன். ‘பெடல்’ காலோடு சேர்ந்த சொல். அப்படியானால் ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்பதிலும் கால்தானே இருக்கிறது?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பலரும் இடறும் இடம் இது. லத்தீனில் ‘பெட்’ என்றால் கால். பெடல், பெடஸ்ட்ரியன் என்பவை அதிலிருந்து வந்தவை. கிரேக்கத்திலோ ‘பைட்’ என்றால் குழந்தை. ஆங்கிலத்துக்கு வந்தபின் இரண்டின் ஒலியும் நெருங்கிவிட்டது. பீடியாட்ரிக்ஸ், குழந்தை மருத்துவம். ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பதும் குழந்தைதான். ‘ஆர்த்தோ’ என்றால் நேரான. பிள்ளைகளின் உடற்கோணலை நேராக்கும் கலைக்கு, பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆன்ட்ரி 1741-இல் வைத்த பெயர் இது. பின்னர் எல்லா வயதினரின் எலும்பு மருத்துவத்துக்கும் ஆகிவந்துவிட்டது.

உங்கள் துறையில் ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். சிறுநீரகம் கிரேக்க வழியில் ‘நெஃப்ரோ’, லத்தீன் வழியில் ‘ரீனல்’. வேரை வைத்துப் பொருளை ஊகியுங்கள். ஊகித்ததை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கமும் லத்தீனும் எல்லோருக்கும் சொல் கொடுத்திருக்கின்றன. அவை நம்மிடமிருந்து எதையும் வாங்கவில்லையா?
– ஓர் ஆசிரியர், காங்கேயம்

வாங்கியிருக்கின்றன, ஐயா. ‘ஜிஞ்சர்’ கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’. அது பாலி மொழி வழியே சென்ற சொல். அதற்குள் நம் ‘இஞ்சி’யும் ‘வேர்’ என்பதும் இருக்கின்றன என்பது மொழியியலார் பலரின் கருத்து.

இன்னொன்று உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் பச்சைநீலக் கல் கிடைத்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், பெரில் உள்ளிட்ட மணிகளைத் தீட்டி மெருகேற்றிய தொழிற்கூடங்களின் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பர். நல்ல பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார் ரோமானிய அறிஞர் பிளினி. கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அந்த வணிகத்தின் மிச்சம்.

கல்லோடு பெயரும் கடல் கடந்தது. பிராகிருதத்தில் ‘வேலுரிய’, கிரேக்கத்தில் ‘பெருல்லோஸ்’, லத்தீனில் ‘பெரில்லுஸ்’, ஆங்கிலத்தில் ‘பெரில்’. ஜெர்மனியில் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லே’ என்பதும் இந்தக் கல்லின் பெயரால்தான். வேதியியல் வகுப்பில் அணு எண் 4, பெரிலியம் என்று நடத்தும்போது, அந்தப் பெயருக்குரிய கல்லை நொய்யல் கரையில் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தச் சொல்லை அதன்பின் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.