புரூனோ வருவதற்கு முன்

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய புரூனோவின் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, பதினோரு மாதத்திலேயே அந்த நெஞ்சு. அழகன்தான். ஆனால் என் கண் போனது அவன் கழுத்துக்கு. ரோமம் தேய்ந்து ஒரு வளையம் தெரிகிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்தவன். இப்போது அவனை வளர்க்கிறவர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்கிறார் என்கிறாய். போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் மாமியார் சொன்னது. டாபர்மேனுக்கு வயசாக ஆக மூளை பெருத்து, மண்டை ஓட்டில் இடித்து, பைத்தியம் பிடித்து வளர்த்தவனையே கடித்துவிடுமாம். நாற்பது வருஷமாக இந்தக் கதையை ஊர் ஊராகக் கேட்டுவருகிறேன். டீக்கடையில் சொன்னவர்களும் உண்டு, நன்றாகப் படித்தவர்களும் உண்டு. சுத்தப் பொய். அதன் தலை ஒடுக்கமாக இருப்பதைப் பார்த்து யாரோ கட்டிவிட்டது. அவரிடம் வாதாடாதே. பெரியப்பா இரண்டு டாபர்மேன் வளர்த்தார், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன என்று மட்டும் சொல்.

அதற்காக அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதே. கடிக்கிற டாபர்மேன்கள் நம் ஊரில் இருக்கின்றன. அவற்றில் பலதும் எப்படி வளர்ந்தவை என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் கூண்டு, ராத்திரி அவிழ்த்துவிடுவது, யாரும் கிட்டே போகாதே, போனால் சாதுவாகிவிடும் என்ற உபதேசம். ஒரு நாயைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதிலும் இந்த ஜாதியை. ஏன் என்று புரிய, இது எங்கே, எதற்காகப் பிறந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் துரிங்கியா பக்கம் அபோல்டா என்று ஒரு சிற்றூர். அங்கே கார்ல் ஃபிரீட்ரிச் லூயிஸ் டாபர்மேன் என்று ஒருவர் இருந்தார். 1834இல் பிறந்து 1894இல் இறந்தவர். வரி வசூல் பார்த்தார், இரவுக் காவல் பார்த்தார், தெருநாய் பிடிக்கிற வேலையும் பார்த்தார். வரி கேட்டு வருகிறவனை எந்த ஊரில் மாலை போட்டு வரவேற்பார்கள்? பையில் பணம், வழியில் திருடன். தன்னோடு நடந்து வர, ஆபத்து என்றால் குறுக்கே நிற்க அவருக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. ஊரில் நாய்ச் சந்தை உண்டு, கையில் பிடிபட்ட நாய்கள் உண்டு. கலந்து கலந்து உருவாக்கினார். எதை எதோடு சேர்த்தார் என்று எழுதி வைக்கவில்லை. ரோட்வீலர், பின்ஷர், ஆடுமாடு மேய்க்கும் நாய்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். அவர் போனபிறகு அதே ஊர்க்காரர் ஓட்டோ கோலர் அந்த நாயைச் சீராக்கி, 1899இல் அதற்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார்.

இதில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது "தன்னோடு நடந்து வர" என்பதைத்தான். தோட்டத்தைக் காக்க உண்டான நாய் இல்லை இது. ஒரு மனிதனைக் காக்க உண்டானது. நம் ராஜபாளையம் நாயை நினைத்துப்பார். என் தாத்தா வயலில் ஒன்று இருந்தது. மோட்டார் கொட்டகையில் ராத்திரி தனியாகக் கிடக்கும், காலையில் தாத்தா போனால் ஒருமுறை வாலாட்டிவிட்டு மறுபடி தன் வேலையைப் பார்க்கும். தனிமை அதைப் பெரிதாக உறுத்தியதாக நான் பார்த்ததில்லை. டாபர்மேனை அப்படிக் கொட்டகையில் விட்டால் ஆறு மாதத்தில் ஒன்று குரைத்தே தொண்டை கிழியும், அல்லது நிழல் அசைந்தாலும் பாயும். காக்க ஆள் இல்லாதபோது அது எதைப் பார்த்தாலும் பகை என்று எடுத்துக்கொள்கிறது. வெளியே தெரிகிற மூர்க்கமும் வீட்டுக்குள் தெரிகிற ஒட்டுதலும் ஒரே குணம்தான். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இவ்வளவுதான். புரூனோவை வீட்டுக்குள் படுக்க விடமாட்டோம் என்று உன் வீட்டில் முடிவானால், அவனை எடுக்காதே. வேறு யாராவது எடுக்கட்டும்.

ஒட்டுதல் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியாது. நான் வளர்த்த இரண்டு டாபர்மேனில் ஒருத்தி ராணி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். உன் பெரியம்மா அடுப்படியில் நின்றால் முப்பத்திரண்டு கிலோவையும் அவள் தொடைமேல் சாய்த்து நிற்பாள். பெரியம்மா முதல் மாதம் திட்டினாள். இரண்டாம் மாதம், சாயாத நாளில் "என்னடி உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சில டாபர்மேன்கள் போர்வையை வாயில் வைத்துச் சப்பும், தன் விலாவையே சப்பிப் புண்ணாக்கும். இந்த இனத்தில் பரம்பரையாக வருகிற பழக்கம் அது. சும்மா கிடந்தால் அதிகமாகும். புரூனோவிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இப்போதைய சொந்தக்காரரிடம் கேட்டுவிடு.

வந்த முதல் வாரம் ஊரைக் கூட்டாதே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், உன் ஆபீஸ் தோழிகள், செல்ஃபி, எதுவும் வேண்டாம். வீட்டில் ஒரு மூலை, பழைய மெத்தை, தண்ணீர்ச் சட்டி. அங்கே இருக்கும்போது யாரும் அவனைத் தொடக்கூடாது. வீட்டுக்குள்ளும் மெல்லிய கயிறு ஒன்று கழுத்துப் பட்டையில் தொங்கட்டும், தேவைப்பட்டால் கையை நீட்டாமல் கூப்பிட்டு நடத்தலாம். நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும்; தனியாக விட்டால் எதிலாவது மாட்டிக்கொள்வான். முதல் சில நாள் ரொம்பச் சாதுவாக இருப்பான். அதைப் பார்த்து "பாவம், தங்கம்" என்று மயங்காதே. பயத்தில் ஒடுங்கியிருக்கிறான். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். சோபா கிழியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நடப்பான். அவன் வயசு அப்படி. உருவம் பெரிய நாய், புத்தி விடலைப் பையன். டாபர்மேன் இரண்டு, மூன்று வயதில்தான் நிதானத்துக்கு வரும். நிறைய வீடுகளில் நாயைக் கைமாற்றுவது சரியாக இந்த மாதங்களில்தான். உன்னிடம் வருபவனும் அந்தக் கணக்கில் வருகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே வெளிநாடு போவதில்லை.

அடிக்காதே. இதை மட்டும் உத்தரவாகவே எடுத்துக்கொள். ராணிக்கு ஒரு வயதானபோது பயிற்சி கொடுக்க ஒருவரை அமர்த்தினேன். பெயரெல்லாம் வேண்டாம். மூன்றாம் நாள் மூங்கில் குச்சியோடு வந்தார். ராணி அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம், எங்கள் தெருவில் கைத்தடி ஊன்றி நடந்த பெரியவர்கள் யாரைக் கண்டாலும் உறுமினாள். தப்பு அவருடையது மட்டும் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றவன் நான். இந்த நாய் பார்க்கத்தான் இரும்பு, உள்ளே தொட்டாற்சிணுங்கி. குரலை உயர்த்தினாலே சுருங்கிப்போகும். அதே சமயம் கற்றுக்கொள்வதில் கற்பூரம். ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு, தினம் பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வேளை சொல்லிக்கொடு. ஒருநாள் சோபாவில் ஏற விட்டு மறுநாள் திட்டாதே; விதி மாறினால் குழம்பிப்போவான். அடிக்காதே என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1944இல், குவாம் தீவில் அமெரிக்க மரைன் படையோடு போன நாய்களில் பெரும்பாலானவை டாபர்மேன்கள். அங்கே செத்த இருபத்தைந்து நாய்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, மேலே படுத்திருப்பது ஒரு டாபர்மேன் சிலை. சிப்பாய் குழிக்குள் தூங்கும்போது பக்கத்தில் விழித்திருந்த நாய்கள் அவை. அடித்துப் பழக்கிய நாய் அப்படி விழித்திருக்குமா?

சிலிண்டர் போடுகிறவர், பால்காரர், தண்ணீர் கேன் பையன் எல்லோரையும் தூரத்திலிருந்து பார்க்கப் பழக்கு. ஒவ்வொருவர் வரும்போதும் அவனுக்கு ஒரு தீனி. அவர்கள் கையால் கொடுக்க வேண்டியதில்லை, நீயே கொடு. எதிர்வீட்டில் ஆண் நாய் இருக்கிறது என்றாய். ஆணுக்கு ஆண் ஒத்துப்போகாதது இந்த ஜாதியில் சகஜம், நட்பாக்குகிறேன் என்று மூக்கோடு மூக்கு உரச விடாதே. உன் நாத்தனார் பிள்ளைகள் வந்தால், நீ அறையில் இல்லாதபோது நாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கக்கூடாது. நல்ல நாய்க்கும் இதே விதிதான். தீபாவளி வெடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதைத் தனியாகப் பேசுவோம்.

உங்கள் ஓசூர் குளிர் அவனுக்குக் கஷ்டம். குட்டை ரோமம், உள்ரோமமே கிடையாது. மார்கழியில் ஒரு சணல் சாக்குக்கு மேல் கம்பளி போடு. மடித்துத் தைத்த பழைய ஸ்வெட்டர் ஒன்றும் தயார் செய்து வை. காது வெட்டியிருக்கிறார்கள், வாலும் இல்லை. அவனைக் கேட்டா செய்தார்கள்? ஜெர்மனியிலேயே காது வெட்டுவதை 1987இல் தடை செய்துவிட்டார்கள். பிறந்த ஊரில் வேண்டாம் என்று சொன்னதை நாம் இங்கே காசு கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி உடம்பு. இதை உன் கணவரையும் படிக்கச் சொல். ராணி ஏழாவது வயதில், ஒரு சாயங்காலம், பந்தை எடுக்க ஓடினாள். பாதி வழியில் விழுந்தாள். நான் போய்த் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. முந்தின நாள்கூட நன்றாகச் சாப்பிட்டவள். இதயத் தசை மெலிந்து அறைகள் விரிந்துபோகிற வியாதி டாபர்மேனில் மிக அதிகம். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளே வளரும். சில நாய்களுக்கு முதல் அறிகுறியே சாவு. எனக்கு அது அப்போது தெரியாது. நீ தெரிந்துகொண்டு தொடங்கு. மூன்று வயதிலிருந்து வருஷம் ஒருமுறை எக்கோ, முடிந்தால் இருபத்துநாலு மணி நேர ஈசிஜி. உள்ளூரில் வசதி இல்லையென்றால் பெங்களூர் உனக்குப் பக்கம், இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. முன்கூட்டித் தெரிந்தால் மருந்து உண்டு, காலத்தை நீட்டலாம்.

இன்னொன்று, வான் வில்லிபிராண்ட் என்கிற, ரத்தம் சரியாக உறையாத குறை. ராணிக்கு நகம் வெட்டியதில் மூன்று மணி நேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. கருத்தடை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் "டாபர்மேன், வான் வில்லிபிராண்ட் பார்த்துவிடுங்கள்" என்று நீயே ஞாபகப்படுத்து. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு. சாப்பிட்டதும் ஓட விடாதே. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே உமட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்றால் நாய் மிஞ்சாது. வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணிக்கு மருந்து, மாநகராட்சி உரிமம் எல்லாம் உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது அவன் படுத்த பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள். தடுப்பூசி அட்டையையும் வாங்கிவிடு. அந்தச் சங்கிலியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல். ராணியின் தோல் வார் என்னிடம் இருக்கிறது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மனசில்லை.

ஒரு மாதம் கழித்து நானே கொண்டு வருகிறேன். வந்து பெல் அடிக்க மாட்டேன். தெருமுனையில் நின்று போன் செய்கிறேன், நீ அவனை வெளியே கூட்டிக்கொண்டு வா. நான் அவனைப் பார்க்காத மாதிரி உன் பக்கவாட்டில் நடக்கிறேன். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்று பேருமாக வீட்டுக்குள் போகலாம்.

அன்புடன்,
பெரியப்பா